காத்திருப்பதும் ஓட்டம்தான்

சென்னையில் சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் இறங்கினால் கடற்கரை. விடிகாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து லூப் சாலை வழியாகக் கலங்கரை விளக்கம் வரை ஓடித் திரும்புகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். தெற்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் தாண்டி உடைந்த பாலம் வரை போகிறவர்களும் உண்டு. நொச்சிக்குப்பத்தில் படகுகள் கரையேறும் நேரம் அது. வலையிலிருந்து மீனைப் பிரிப்பவர்கள், ஐஸ் பெட்டியோடு காத்திருக்கும் பெண்கள், அவர்களுக்கு நடுவே வியர்வையில் ஊறிய பனியனோடு ஓட்டக்காரர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

எங்கள் கைக்கடிகாரங்கள் தூரம், வேகம், நாடித்துடிப்பு என்று எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத இன்னோர் எண்ணும் அதில் உண்டு. அது உயரம். சாந்தோமில் அது நாலு மீட்டர், ஆறு மீட்டர் என்று அங்கேயே கிடக்கும். ஆனால் எங்களில் யாராவது லடாக்கில் ஓடப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, மற்ற எல்லா எண்களையும்விட அந்த எண்தான் முக்கியமாகிவிடுகிறது.

லடாக் மாரத்தான் 2012-இல் தொடங்கியது. செப்டம்பரில் லே நகரில் நடக்கும் அந்த ஓட்டத் திருவிழாவில் பலரும் கனவு காணும் பந்தயம், 72 கிலோமீட்டர் நீளமுள்ள கார்துங் லா சேலஞ்ச். கார்துங் என்ற சிற்றூரில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், அதிகாலை மூன்று மணி இருட்டில் புறப்பட வேண்டும். சுமார் 32 கிலோமீட்டர் ஏறினால் 5,359 மீட்டரில் கார்துங் லா கணவாய். 'லா' என்றால் அந்த ஊர் மொழியில் கணவாய். அங்கிருந்து 40 கிலோமீட்டர் இறங்கி, 3,500 மீட்டரில் இருக்கும் லே வந்து சேர வேண்டும். இதற்கு மொத்த அவகாசம் 14 மணி நேரம். பந்தயத்தின் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேலேயே போய்விடுகிறது.

வரைபடத்தில் இந்தப் பாதை ஒரு கோடு. ஓடுகிறவர் உடம்புக்குள் இதற்கு இணையாக இன்னொரு பாதை இருக்கிறது. அதன் தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது, நாட்களால்தான் அளக்க முடியும். கடற்கரையிலிருந்து கிளம்புகிற நாம் புரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டாவது பாதையைத்தான்.

கலங்கரை விளக்கத்தில் ஒரு சோதனை

நல்ல ஓட்டக் கடிகாரங்களில் ஒரு சின்னக் காற்றழுத்தமானி இருக்கும். பல கைபேசிகளிலும் உண்டு. அதைக் கட்டிக்கொண்டு மெரினா கலங்கரை விளக்கத்தின் லிஃப்டில் ஏறி மேல் மாடத்துக்குப் போங்கள். தரையில் 1,010 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டியது, மேலே நாலைந்து எண் குறைந்திருக்கும். நாற்பது மீட்டருக்கே இந்த மாற்றம். நம் தலைக்கு மேலிருக்கும் காற்றுக்கு எடை உண்டு. மேலே ஏற ஏற நம்மை அழுத்தும் காற்று குறைகிறது.

இதை முதன்முதலில் மலையேறி நிரூபித்தது 1648 செப்டம்பர் 19 அன்று. பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரின் பெரியே, பாதரசக் குழாயை எடுத்துக்கொண்டு பூய் த தோம் என்ற மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இன்னொரு குழாயை நிறுத்தி, அது மாறுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு துறவியை உட்கார வைத்தார். கீழே இருந்த பாதரசம் அசையவில்லை. உச்சியில் அது மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. இன்று நம் கடிகாரம் உயரத்தைக் கணிப்பதும் இதே தத்துவத்தில்தான்.

'மலையில் ஆக்சிஜன் குறைவு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சாந்தோமிலும் கார்துங் லாவிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றுதான், 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம் லேயில் மூன்றில் இரண்டு பங்காகிறது. கணவாயில் ஏறக்குறைய பாதி. லே கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சமவெளியில் அடைத்த காற்று, வெளியே தன்னை அழுத்த ஆளில்லாமல் விரிகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம். உள்ளிழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் சூடாக்கி, ஈரமாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டர் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும், மலை என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சாந்தோமில் 149 மில்லிமீட்டர். லேயில் சுமார் 95. கார்துங் லாவில் சுமார் 73, அதாவது பாதிக்கும் கீழே.

நிற்காமல் கிளம்பும் பஸ்

கொரோனா காலத்தில் வாங்கி மேசை இழுப்பறையில் போட்ட ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். விரலில் மாட்டினால் சென்னையில் 97, 98 காட்டும். ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஒரு பஸ் என்றால், அதன் சீட்டுகள் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன என்று அர்த்தம். விமானத்தில் லே போய் இறங்கிய அன்று அதே கருவி 90-க்குக் கீழே காட்டுவது சாதாரணம். என் விரலில் 86 காட்டியது. இந்த எண்ணை நம் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தால் உடனே படுக்கையில் சேர்த்திருப்பார்கள்.

இது உட்கார்ந்திருக்கும்போது. ஓடும்போது நிலைமை இன்னும் மோசம். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க முக்கால் வினாடி எடுத்துக்கொள்கிறது. வேகமாக ஓடும்போது கால் வினாடிதான். கடல்மட்டத்தில் அந்தக் கால் வினாடியே போதும், ஏனென்றால் ஆக்சிஜன் அவ்வளவு அழுத்தத்தோடு ஏறிக்கொள்ளும். மலையில் பயணிகள் மெதுவாக வருகிறார்கள், டிரைவரோ ஸ்டாப்பில் நிற்காமல் வண்டியை எடுக்கிறார். சில சீட் காலியாகவே பஸ் போகிறது. அதனால்தான் உயரத்தில் ஓட ஓட ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்குகிறது. பயிற்சி பெற்றவரின் உச்சத் திறன்கூட 5,000 மீட்டருக்கு மேல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

1968-இல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது உலகமே இதை நேரில் கண்டது. அந்த நகரின் உயரம் 2,240 மீட்டர்தான். மெல்லிய காற்றில் எதிர்ப்புக் குறைவு என்பதால் குறுகிய ஓட்டங்களுக்கும் தாண்டுதலுக்கும் அது வரமாக அமைந்தது. நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். ஆனால் 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27 வினாடி. அன்றைய உலக சாதனை 27 நிமிடம் 39 வினாடி. அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், எல்லைக்கோட்டைத் தொட்டதும் மயங்கி விழுந்தார். தெமு மலைநாட்டவர். கிளார்க் சமவெளிக்காரர், நம்மைப் போல.

உடம்பு போடும் புதுச் சாலை

விமானம் இறங்கிய சில நிமிடங்களிலேயே கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடித்து, வேகமாக மூச்சுவிடு என்று உத்தரவு போடுகின்றன. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய், ரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை, போதும் நிறுத்து என்று பிரேக் போடுகிறது. ஒரு பக்கம் ஆக்ஸிலரேட்டர், ஒரு பக்கம் பிரேக்.

இந்தச் சண்டையை இரவில் கண்கூடாகப் பார்க்கலாம். லேயில் முதல் இரவு என் அறையில் தூங்கிய நண்பர் வேகவேகமாக நாலைந்து மூச்சு எடுத்தார், பிறகு மூச்சே இல்லை. பத்து வினாடிக்கு மேல் அமைதி. பயந்துபோய் எழுப்பலாமா என்று கையை நீட்டியபோது, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் போல ஒரு பெருமூச்சு. விடியும் வரை இதே கதை. காலையில் அவர் தூங்கவே இல்லை என்றார். நான் தூங்கவே முடியவில்லை. இது நோயல்ல. புதிதாக மலைக்கு வந்த உடம்பின் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் இரவு முழுக்க மாறி மாறி அழுந்துவதுதான்.

பிரேக்கைத் தளர்த்தும் வேலை சிறுநீரகத்துடையது. அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். முதல் இரண்டு நாள் அடிக்கடி சிறுநீர் வந்தால் உடம்பு சரியான வழியில் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும் இந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது.

இதற்கிடையே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இருக்கிற சிவப்பணுக்கள் நெருக்கமாகின்றன. உள்ளதை வைத்து உடம்பு செய்யும் அவசர ஏற்பாடு அது. உண்மையான கட்டுமானம் வேறிடத்தில் நடக்கிறது. செல்களில் எச்.ஐ.எஃப். என்ற புரதம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அது உருவான வேகத்திலேயே அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அழியாமல் நின்று மரபணுக்களை இயக்கும். அதன் கட்டளையில் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களைச் செய்யத் தொடங்குகிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஹார்மோன் சில மணி நேரத்தில் ஏறிவிடும். புதிய சிவப்பணுக்கள் தேவையான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும்.

போர்முனை கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பாடத்துக்கு நம் நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1962 சீனப் போரில் சமவெளியில் இருந்த வீரர்களை அவசர அவசரமாக இமயமலை முனைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. குண்டு படாமலே பலர் விழுந்தார்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்கியது சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்ததிலும் மூளை வீக்கத்திலும் முடிந்தது. இந்தர் சிங் தலைமையில் நம் ராணுவ மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி 1969-இல் அவர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரை, இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அந்த அனுபவத்தில் உருவானதுதான் ராணுவத்தின் படிப்படியான பழக்கமுறை. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள். 12,000 முதல் 15,000 வரை இன்னும் நாலு நாள். அதற்கு மேல் போக மறுபடி நாலு நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு மெதுநடை, பிறகு ஏற்றம். துப்பாக்கி பிடிக்கும் இளைஞனுக்கே இந்த ஒழுங்கு.

ஓட்டக்காரர்கள் மனத்தில் பதிக்க வேண்டியது இது. மலைநோய்க்கு உடற்கட்டு பற்றி அக்கறை இல்லை. மூன்றரை மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கும் வரும், நடைப்பயிற்சி மட்டும் செய்பவருக்கு வராமலும் போகும். சொல்லப்போனால் உடற்கட்டு உள்ளவர்தான் சீக்கிரம் ஏறிவிடலாம் என்ற தைரியத்தில் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். நாலு நாள் லீவில் போய், இறங்கிய மறுநாளே பயிற்சி ஓட்டம் போகிற தம்பி, தங்கைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்கத் தள்ளாடினால், அதற்கு ஒரே மருந்து உடனே கீழே இறங்குவது. பந்தயம் அடுத்த வருடமும் நடக்கும்.

ஆடு மேய்ப்பவர் போட்ட கணக்கு

கார்துங் லா வண்டிகள் போகும் சாலை. அதன் ஏற்றம் சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர்தான். நிஜமான மலைப்பாதை ஓட்டம் வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா மலைமுகட்டில் 1991 முதல் நடந்துவரும் ஹிமாலயன் 100 மைல் ஓட்டம் ஐந்து நாள் பந்தயம். முதல் நாளே மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டரில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு 38 கிலோமீட்டர். பழைய லேண்ட்ரோவர்கள் முக்கி முனகி ஏறும் கற்பாதை அது. வானம் தெளிந்திருந்தால் ஒரு பக்கம் கஞ்சன்ஜங்கா, இன்னொரு பக்கம் எவரெஸ்ட்.

இப்படிப்பட்ட பாதைகள் ஏன் வளைந்து வளைந்து போகின்றன? இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டி மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு 2002-இல் இதற்கு எண்ணால் பதில் சொன்னார். சமதரையில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் ஓடி நகர்த்த 3.4 ஜூல் ஆற்றல் செலவாகிறது. 45 சதவீத ஏற்றத்தில் அது ஏறக்குறைய 19 ஜூல். ஆனால் குறைந்த ஆற்றலில் அதிக உயரம் ஏற எந்தச் சரிவு நல்லது என்று கேட்டால், விடை 20 முதல் 30 சதவீதம். அதைவிடச் செங்குத்தாகப் போனாலும் நஷ்டம், சாய்வாகச் சுற்றினாலும் நஷ்டம். ஆடு மாடுகளோடு தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய கால்கள் போட்ட ஒற்றையடிப் பாதைகளின் சாய்வு பெரும்பாலும் இந்த எண்ணை ஒட்டியே இருக்கிறது. சோதனைக்கூடம் கண்டுபிடித்ததை மேய்ப்பவரின் மூச்சு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

இறக்கத்தின் கதை வேறு. 20 சதவீத இறக்கத்தில் செலவு வெறும் 1.7 ஜூல், சமதரையில் ஆவதில் பாதி. அப்படியானால் மலையிறங்கும்போது பறக்கலாம் அல்லவா? மூச்சு அனுமதிக்கும், தொடை அனுமதிக்காது. இறங்கும்போது தொடையின் முன்தசை, உடம்பு விழாமல் பிடித்துக்கொண்டே நீள்கிறது. நீண்டுகொண்டே விசை தரும்போது தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. லே நோக்கி இறங்கும் அந்த 40 கிலோமீட்டர்தான் பலரை உட்கார வைக்கிறது. இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து எழும்போது வரும் 'அம்மா' என்ற முனகலுக்கும் காரணம் அதுவே.

கடற்கரையில் செய்ய முடிந்தது

சென்னையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? நிறையவே. தொடைக்கு இறக்கம் வேண்டும்: பரங்கிமலைப் படிகளும் ஏலகிரி, ஏற்காடு சாலைகளும் இருக்கின்றன. படியேறுவதைவிடப் படியிறங்குவதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். தசை ஒருமுறை அடிபட்டால் அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படாது. இதயத்துக்கு நீண்ட, நிதானமான ஓட்டம் வேண்டும். பட்டினப்பாக்கம் மணல் கணுக்காலைப் பலப்படுத்தும். நம் வெயிலும் ஓர் ஆசான்தான். பத்துப் பதினைந்து நாள் வெக்கையில் ஓடினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, நாடித்துடிப்பு தணிகிறது.

இடைப்பட்ட உயரம் வேண்டுமானால் நீலகிரி இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி, 2003 முதல் நடந்துவரும் உலகப் புகழ்பெற்ற நூறு மைல் பந்தயத்தில் பாதையின் மிக உயர்ந்த இடமே 2,600 மீட்டரை எட்டுவதில்லை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! ஐரோப்பியரின் அந்தக் கனவுப் பாதையைவிட உயரமான காற்று, கோயம்புத்தூரிலிருந்து சில மணி நேரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. உயரம் என்றால் என்ன என்று உடம்புக்கு அறிமுகம் செய்துவைக்க அது போதும். லடாக்குக்குத் தேவையான இணக்கத்தைத் தர ஒரு வார இறுதியால் ஆகாது.

எந்தப் பயிற்சியாலும் தர முடியாத ஒன்று, மலையில் கழிக்கும் நாட்கள். லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் சும்மா இருங்கள். தண்ணீர் குடியுங்கள், வெந்நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்றாம் நாள் கடைத்தெருவரை நடங்கள். சாந்தி ஸ்தூபியின் படிகளை அடுத்த நாளைக்கு விட்டுவிடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஒன்றும் செய்யாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டோக் மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மதியத்தில், உங்கள் சிறுநீரகமும் மஜ்ஜையும் பந்தயத்தின் கடினமான கட்டத்தை ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை வீண் பொழுதென்று நினைக்காதீர்கள்.

இவ்வளவு பொறுமையாகச் சேர்த்த ரத்தம் என்ன ஆகும்? சாந்தோம் திரும்பிய முதல் சில நாட்கள் கடற்கரையில் கால் தரையில் படாதது போல இருக்கும். காற்று கெட்டியாக, தாராளமாக உள்ளே வரும். பிறகு உடம்பு கணக்குப் பார்க்கிறது. இவ்வளவு சிவப்பணுக்கள் இங்கே தேவையில்லை என்று ஹார்மோனைக் குறைக்கிறது. சில வாரங்களில் ரத்தம் பழையபடி கடற்கரைக்காரர் ரத்தமாகிவிடுகிறது. போன வருடம் கார்துங் லா ஓடி முடித்துப் பதக்கத்தோடு வந்தவரும், இந்த வருடம் முதல்முறை போகிறவரும், லே விமான நிலையத்தில் இறங்கும்போது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் அன்று முதல் வேலை ஒன்றுதான்: அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வது.